கிள்ளானைக் காத்த மருத்துவர்

பூச்சோங்கில் ஒரு குடியிருப்பில் ஒருவருக்கு டிங்கிக் காய்ச்சல் என்று உறுதியானால், சுகாதார அதிகாரிகள் அந்த வட்டாரத்திற்கு வருகிறார்கள். கால்வாய், பூச்சாடி, பழைய டயர் என நீர் தேங்கும் இடங்களை எல்லாம் சோதிக்கிறார்கள். மாலையில் வீதி முழுவதும் கொசுப்புகை அடிக்கப்படுகிறது. அந்தப் புகைக்காக எந்த வீட்டாரிடமும் பணம் கேட்கப்படுவதில்லை. காய்ச்சல் கண்டவர் இந்நாட்டுக் குடிமகனாக இருந்தால், அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் செலுத்தி மருத்துவரைப் பார்க்கலாம்.

இவை யாவும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். ஆனால், மக்கள் அனைவரின் உடல்நலத்தையும் பொதுப்பணத்தைக் கொண்டு காக்க வேண்டும் என்னும் எண்ணம் தானாக வந்துவிடவில்லை. யாரோ ஒருவர் அதனைக் கேட்க வேண்டியிருந்தது; அது பயன் தரும் என்று மெய்ப்பிக்கவும் வேண்டியிருந்தது. சிலாங்கூர் மாநிலத்தில் அந்தப் பணியின் தொடக்கக் கட்டம் கிள்ளானில் 1901-ஆம் ஆண்டில் நடந்தது. அதில் முன்னின்றவர் டாக்டர் மால்கம் வாட்சன்.

மால்கம் வாட்சன் 1873-ஆம் ஆண்டில் பிறந்தவர், ஸ்காட்லாந்து நாட்டினர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1900-ஆம் ஆண்டில் மலாயா அரசாங்க மருத்துவச் சேவையில் சேர்ந்தார். மறு ஆண்டு ஜனவரி மாதத்தில், 27 வயது இளைஞரான அவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

அப்பொழுது கிள்ளான் நகரில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 3,500 பேர். மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள் ஆகியோர் அங்குக் கலந்து வாழ்ந்தனர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு இரயில் பாதை வந்தது. ஈயமும் பிற பொருள்களும் அவ்வழியே கப்பலேறின. நகரின் நடுவே சிறு குன்றுகள் இருந்தன. அக்குன்றுகளின் அடிவாரத்தில் சதுப்பு நிலங்களும் புதர்க்காடுகளும் சூழ்ந்திருந்தன. மழை பெய்தால் நீர் வடிய வழியின்றி மாதக்கணக்கில் தேங்கி நிற்கும்.

அந்நகரை வாட்டிய நோய் மலேரியாக் காய்ச்சல். முதலில் உடல் நடுங்கும் குளிர், பின்னர் அனலாய்க் கொதிக்கும் காய்ச்சல், அதன்பின் வியர்வை. சில நாள் விட்டு மீண்டும் அதே துன்பம். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தவர்கள் இரத்தம் குன்றி மெலிந்தனர். உழைக்க இயலாமல் போயினர். குழந்தைகளும் புதிதாக வந்தவர்களுமே மிகுதியாக இறந்தனர். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே இந்நோய்க்குக் காரணம் என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பதுதான் பொருள்.

உண்மைக் காரணம் அப்போதுதான் வெளிப்பட்டிருந்தது. இந்தியாவில் பணியாற்றிய டாக்டர் ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டில் செகந்திராபாத் நகரில் அதற்கான முதல் சான்றைக் கண்டார். மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி வளர்வதை அவர் நுண்நோக்கியில் பார்த்தார். அனோபிலிஸ் என்னும் இனத்துக் கொசுக்களே மலேரியாவை மனிதரிடையே பரப்புகின்றன என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது. இருப்பினும், அந்த அறிவைக் கொண்டு ஓர் ஊரையே நோயிலிருந்து மீட்க முடியுமா என்பதில் பலருக்கும் ஐயம் இருந்தது.

கிள்ளானுக்கு வந்த வாட்சன் அந்த ஐயத்தை நேருக்கு நேர் சந்தித்தார். மருத்துவமனையில் நாள்தோறும் காய்ச்சல் நோயாளிகள் நிறைந்தனர். 1901-ஆம் ஆண்டில் மட்டும் கிள்ளான் நகரிலிருந்து 334 பேர் மலேரியாவால் அம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குக் கொடுக்க இருந்த மருந்து கொயினா. அது காய்ச்சலைத் தணித்தது. ஆனால், குணமாகி வீடு திரும்பியவரை அதே சதுப்பில் பிறந்த கொசு மீண்டும் கடித்தது. அவர் மீண்டும் மருத்துவமனைக்கு வந்தார்.

ஆகவே, படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு மட்டும் மருத்துவம் பார்த்தால் போதாது என்பதை வாட்சன் உணர்ந்தார். நோயின் காரணத்தை அறிந்து, அதனைத் தீர்க்கும் வழியையும் ஆராய்ந்து செயல்பட வேண்டும் என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வலியுறுத்துகிறார். வாட்சன் தேர்ந்தெடுத்த வழியும் அதுவே. காய்ச்சலின் காரணம் கொசு. கொசு பிறக்கும் இடம் தேங்கிய நீர். அந்த நீரை அகற்றினால் நகரமே நலம் பெறும் என்று அவர் கருதினார்.

இங்குதான் சிக்கல் எழுந்தது. கொயினா மாத்திரையை ஒருவர் தம் பணத்தில் வாங்கி உண்ணலாம். ஆனால், சதுப்பு நிலத்தை எவரும் தமக்காக மட்டும் வற்றவைக்க முடியாது. பணக்கார வணிகர் ஒருவர் தம் வீட்டைச் சுற்றி வடிகால் வெட்டினாலும், அடுத்த தெருவில் பிறந்த கொசு அவர் வீட்டிற்குள் வந்துவிடும். அதேபோல், நகரம் முழுவதற்கும் வடிகால் வெட்டப்பட்டால், ஒரு காசும் கொடுக்க இயலாத கூலித் தொழிலாளியின் குழந்தையும் காப்பாற்றப்படும். இந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். இல்லையேல் ஒருவருக்கும் கிடைக்காது. எனவே, அதற்கான செலவை அரசாங்கமே ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாட்சன் நகரின் சுகாதார வாரியத்திடம் சதுப்பு நிலங்களை அகற்றுமாறு கோரினார். சிலாங்கூர் மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்த டாக்டர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். ஆனால், புதிய கருத்தொன்றை நம்பிப் பெருந்தொகை செலவிட அரசாங்கம் முன்வருமா என்பது ஒரு கேள்வியாக இருந்தது. அதற்கான விடையை ஒரு துறைமுகம் தந்தது.

கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் அரசாங்கம் புதிய துறைமுகம் ஒன்றை அமைத்திருந்தது. அதுவே இன்றைய கிள்ளான் துறைமுகம். அக்காலத்தில் அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். கண்டல் காடு நிறைந்த சேற்று நிலத்தில் அமைந்த அத்துறைமுகம் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் திறக்கப்பட்டது. திறந்த இரண்டு மாதத்திற்குள் மலேரியா அங்குப் பெருந்தொற்றாகப் பரவியது. துறைமுகத் தொழிலாளர்கள், இரயில்வே ஊழியர்கள், அரசாங்க அதிகாரிகள், கப்பலில் வந்தவர்கள் என யாரையும் அது விட்டுவைக்கவில்லை. பெரும் பொருட்செலவில் கட்டிய துறைமுகத்தை மூடிவிட வேண்டிய நிலை ஏற்பட்டது.

அந்த ஆண்டு கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 582 பேர் இறந்தனர். அவர்களுள் 368 பேர் காய்ச்சலுக்குப் பலியானவர்கள். அரசாங்க ஊழியர்கள் மலேரியாவால் எடுத்த மருத்துவ விடுப்பு மட்டும் 1,026 நாள்கள். ஏழைகளின் துயரத்துக்குச் செவிசாய்க்கத் தயங்கியவர்களும் துறைமுகத்தின் வருமானம் நின்றுவிடும் என்றவுடன் விழித்துக்கொண்டனர். வடிகால் வேலைக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியது.

பணி விரைவாகத் தொடங்கியது. கிள்ளான் நகருக்குள் இருந்த காடும் புதரும் வெட்டப்பட்டன. சதுப்பு நிலங்களின் ஊடே கால்வாய்கள் தோண்டப்பட்டு, நீர் ஆற்றுக்குத் திருப்பிவிடப்பட்டது. பள்ளங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. துறைமுகத்தில் கடல்நீர் உள்ளே புகாதவாறு கரைகள் கட்டப்பட்டன; தேங்கிய நீர் கால்வாய்கள் வழியே வெளியேற்றப்பட்டது. இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்த தொழிலாளர்களின் பெயர்களை இன்று நாம் அறியோம். வாட்சனின் திட்டத்தை மண்ணில் நிறைவேற்றிக் காட்டியவர்கள் அவர்களே.

இதன் விளைவு எண்களில் தெளிவாகத் தெரிந்தது. 1902-ஆம் ஆண்டில் இரு நகரங்களிலும் இறந்தவர்களின் எண்ணிக்கை 582-இலிருந்து 144-ஆகக் குறைந்தது. காய்ச்சலால் இறந்தவர்கள் 368-இலிருந்து 59-ஆகக் குறைந்தனர். 1905-ஆம் ஆண்டில் கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 12 பேர் மட்டுமே. போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து ஒருவர்கூடச் சேரவில்லை. மூடப்பட இருந்த துறைமுகம் நாட்டின் முதன்மைத் துறைமுகமாக வளர்ந்தது. கொசு ஒழிப்பின்வழி மலேரியாவை வெல்ல முடியும் என்பதற்கு உலகிற்குக் கிடைத்த முதல் சான்றுகளுள் ஒன்றாகக் கிள்ளான் விளங்கியது. ரொனால்டு ராஸ் தம் நூலில் கிள்ளானின் கணக்குகளை எடுத்துக்காட்டினார்.

எனினும், வாட்சன் அத்துடன் மனநிறைவு அடையவில்லை. அவர் தொகுத்த கணக்குகளில் கவலை தரும் மற்றொரு செய்தியும் இருந்தது. வடிகால் வெட்டப்பட்ட நகரங்களில் இறப்பு குறைந்த அதே ஆண்டுகளில், நகர எல்லைக்கு வெளியே இருந்த கிள்ளான் மாவட்டப் பகுதிகளில் இறப்பு அவ்வாறு குறையவில்லை, நாளடைவில் கூடியது. பொதுப்பணத்தில் வெட்டிய கால்வாய் எங்கே முடிந்ததோ, அங்கேயே மக்களின் பாதுகாப்பும் முடிந்தது.

அந்த எல்லைக்கு வெளியே யார் இருந்தனர்? அது இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலம். காடுகள் வேகமாக அழிக்கப்பட்டன. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறி வந்தனர். தோட்டத்து லயங்களில் தங்கிக் காடு வெட்டினர், கன்று நட்டனர், பின்னர்ப் பால்மரம் சீவினர். அவர்களை மலேரியா கொத்துக் கொத்தாய்க் கொன்றது. 1911-ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசு மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு 60 பேருக்கும் மேல் இறந்தனர். பிழைக்க வந்த இடத்திலேயே பலரின் வாழ்வு ஓரிரு ஆண்டில் முடிந்துபோனது.

வாட்சன் அரசாங்கப் பணியிலிருந்து விலகி, தோட்டங்களின் மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துச் சோதித்தார். மலேரியா அடிக்கடி தாக்கினால் இடப்பக்க விலா எலும்பின் கீழுள்ள மண்ணீரல் வீங்கிவிடும். கையால் தொட்டுப் பார்த்தே அதனை அறியலாம். எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு, அந்தத் தோட்டத்தில் மலேரியா எவ்வளவு கடுமையாக உள்ளது என்று அவர் கணக்கிட்டார். அந்தச் சிறுவர் சிறுமியரின் வயிறுகளே தோட்டத்தின் உண்மை நிலையைச் சொல்லின.

கிள்ளானில் வென்ற முறை எல்லா இடத்திலும் வெல்லவில்லை. கடலோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டை அழித்துக் கால்வாய் வெட்டியதும் மலேரியா குறைந்தது. குன்றுகள் நிறைந்த உட்பகுதித் தோட்டங்களிலோ அதே முறையைக் கையாண்டபோது நோய் குறையவில்லை. சில இடங்களில் முன்னிலும் மிகுந்தது. தாம் வகுத்த வழியே தவறாகிப்போனதை வாட்சன் மறைக்கவில்லை. காரணத்தைத் தேடினார்.

விடை கொசுவின் இயல்பில் இருந்தது. அனோபிலிஸ் கொசுவில் பல வகைகள் உண்டு. சமவெளியில் நோய் பரப்பிய வகை, காட்டு நிழலில் கிடக்கும் சதுப்பு நீரில் முட்டையிடும். நிழலை அகற்றி நீரை வடித்தால் அது அழிந்துவிடும். குன்றுப் பகுதியில் நோய் பரப்பிய வகையோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரையே விரும்பும். மரங்களை வெட்டி ஓடையில் வெயில் படச் செய்ததால், அதற்கு வேண்டிய இடத்தை மனிதரே அமைத்துக் கொடுத்துவிட்டனர். ஆகவே, எல்லாக் கொசுவையும் ஒழிக்க முயலாமல், அந்தந்த இடத்தில் நோய் பரப்பும் வகையை அறிந்து அதற்கேற்ற முறையைக் கையாள வேண்டும் என்னும் முடிவுக்கு வாட்சன் வந்தார். பிற்காலத்தில் உலகின் பல நாடுகள் இக்கருத்தைப் பின்பற்றின.

இதற்கான ஒரு முக்கியச் சோதனை பூச்சோங்கிற்கு அண்மையில் நடந்தது. இன்று அடுக்குமாடி வீடுகளும் நெடுஞ்சாலைகளும் நிறைந்த பூச்சோங்கும் சுபாங் ஜெயாவும் அக்காலத்தில் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்த நிலமாக இருந்தன. பூச்சோங்கில் காசல்ஃபீல்டு தோட்டமும் சுபாங் ஜெயா பக்கம் சீஃபீல்டு தோட்டமும் இருந்தன. அத்தோட்டங்களின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. சீஃபீல்டு தோட்டத்தில் 1911-ஆம் ஆண்டில் வாட்சன் நிலத்தடிக் குழாய்களைப் பதிக்கச் செய்தார். குன்றிலிருந்து ஊறிவரும் நீர் மண்ணுக்கு அடியிலேயே குழாய் வழியே ஓடியது. மேலே நீர் தெரியாததால் கொசு முட்டையிட இடமில்லாமல் போனது. பின்னர், ஓடைகளில் எண்ணெய் தெளித்துக் கொசுப்புழுக்களை அழிக்கும் செலவு குறைந்த முறையும் தோட்டங்களில் பரவியது.

ஆயினும், நகரத்தில் அரசாங்கம் ஏற்ற செலவைத் தோட்டத்தில் முதலாளிகளே ஏற்க வேண்டியிருந்தது. இறப்பைக் குறைத்தால் ஆள் பற்றாக்குறை நீங்கும், உற்பத்தி பெருகும் என்று வாட்சன் அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதனை ஏற்ற தோட்டங்களில் மக்கள் பிழைத்தனர். தயங்கிய தோட்டங்களில் கொயினாவும் இடுகாடுமே மிஞ்சின. ஒரு தொழிலாளி உயிர் வாழ்வதும் மடிவதும் அவர் எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்பதைப் பொறுத்திருந்தது. தொழிலாளரின் நலத்தை முதலாளியின் விருப்பத்திற்கே விட்டுவிட முடியாது என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின. 1911-ஆம் ஆண்டில் அரசாங்கம் மலேரியா ஆலோசனை வாரியம் ஒன்றை அமைத்தது. தோட்டங்களின் சுகாதாரத்தைச் சட்டத்தின்வழி கண்காணிக்கும் போக்கும் படிப்படியாக வளர்ந்தது.

தம் பட்டறிவை வாட்சன் நூல்களாக எழுதினார். மலாயாவில் மலேரியாவைத் தடுத்தல் குறித்த அவருடைய நூல் 1911-இல் வெளிவந்தது. அவரது தொண்டைப் பாராட்டிப் பிரிட்டிஷ் அரசு 1924-இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. 1928-ஆம் ஆண்டில் அவர் மலாயாவை விட்டு இலண்டன் சென்று, ராஸ் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றினார். ஆப்பிரிக்காவின் செம்புச் சுரங்கப் பகுதியிலும் கிள்ளானில் கற்ற பாடத்தைச் செயல்படுத்தினார். ரொனால்டு ராஸ் மறைந்தபின் அக்கழகத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1955-ஆம் ஆண்டில் வாட்சன் காலமானார்.

அவர் மறைந்த இரண்டு ஆண்டுகளில் மலாயா விடுதலை பெற்றது. நகரத்திற்குள் நின்றுவிட்ட சுகாதாரப் பாதுகாப்பைக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுசெல்லும் பொறுப்பைச் சொந்த நாட்டு அரசாங்கம் ஏற்றது. கிராமப்புறங்களில் அரசாங்கக் கிளினிக்குகள் எழுந்தன. 1967-ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சுவர்களில் மருந்து தெளித்தனர். வீட்டுக்காரர் யார், அவருடைய வருமானம் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. குரங்குகளிடமிருந்து பரவும் ஒரு வகை மலேரியா இன்னும் சில இடங்களில் காணப்பட்டாலும், மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவால் பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை.

இன்று கிள்ளான் நகரில் நடந்து செல்பவர்கள் வடிகால்களைக் கவனிப்பதில்லை. அவை எப்போதும் அங்கேயே இருந்தவைபோல் தோன்றுகின்றன. ஒரு காலத்தில் அவை இல்லாமையால் ஒரே ஆண்டில் 368 பேர் காய்ச்சலால் இறந்தனர். அவை வந்த பிறகு உயிர் பிழைத்தவர்களுள் அவற்றுக்காகத் தனியே பணம் கொடுத்தவர் எவரும் இல்லை. அப்பாதுகாப்பு நகர எல்லையோடு நின்றதால் தோட்டத்தில் மடிந்தவர்களோ ஏராளம். எல்லாருக்கும் எட்டும்போதுதான் நலவாழ்வு நிலைபெறும் என்பதை மால்கம் வாட்சனின் வெற்றியும் அவ்வெற்றி எட்டாத இடங்களும் ஒருசேர உணர்த்துகின்றன.